வச்சிருங்க

தாமரைச்செல்விக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். விவரம் தெரியாதவர்கள், சரி, இந்தப் பெண் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து மேலும் மேலும் பேசிக்கொண்டே போவார்கள். சென்னையில் இருந்த டீம் லீடர் சித்தார்த்தும் அந்தத் திங்கட்கிழமை அப்படித்தான் போனான்.

“தாமரை, பின்னாடி என்ன சத்தம்?” என்று லேப்டாப் திரைக்குள்ளிருந்து கேட்டான்.

“டம்ளர் சார்.”

“வீட்ல இவ்ளோ டம்ளரா?”

“வீட்ல இல்ல சார், காபிக்கடையில இருக்கேன். ஒன்றரை வருசமா இங்கதான இருக்கேன்? உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். இப்ப அதுதான் பிரச்சினையே. போன மாசம் உங்க அக்யூரசி தொண்ணூத்தஞ்சு. இந்த மாசம் அறுபத்தெட்டு. இந்தச் சத்தத்துல உட்கார்ந்தா என்ன காதுல விழும்? ஒண்ணாந்தேதிலேர்ந்து சென்னை ஆபீஸுக்கு வந்துடுங்க. இங்க கொயட் ரூம் இருக்கு. ஊசி விழுந்தா கேக்கும். வர முடியலைன்னா பேப்பர் போட்டுடுங்க.”

தாமரைச்செல்வி சிரித்தாள். அவன் “குட்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவள் பார்த்த வேலை இதுதான். நெல் அறுக்கும் மிஷின்களை ஊர் ஊராக வாடகைக்கு அனுப்புகிற கம்பெனி அது. அறுப்புச் சமயத்தில் விவசாயிகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் குரல் தானாகப் போன் போடும். ‘ஐயா வணக்கம். வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு எந்திரம் வருகிறது. வரிசையில் உங்கள் வயலுக்கும் ஒரு முறை ஒதுக்கியிருக்கிறோம். வைத்திருக்கட்டுமா, விட்டுவிடட்டுமா?’ என்று குழைந்து குழைந்து கேட்கும். வரப்பில் நிற்கிற மனிதர் பதிலுக்கு என்ன சொல்கிறாரோ அது பதிவாகும். கம்ப்யூட்டருக்குப் புரியாத பதில்களைக் கேட்க மனிதக் காது வேண்டும். மதுரைப் பக்கத்துப் பேச்சுக்குத் தாமரைச்செல்வியின் காது. பதிவைக் கேட்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு பட்டனைத் தட்டுவாள். அதற்கப்புறம் சென்னைக் கொயட் ரூமில் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். அவர் மாற்றிவிட்டால் மாற்றியதுதான். அவள் பெயரில் ஒரு தப்பு ஏறிவிடும்.

இதை வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று கேட்பவர்கள், கோச்சடையில் அவள் வீட்டில் ஒரே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு அறை. அண்ணன் சிவக்குமார், மதினி, அம்மா முத்துத்தாய். லேப்டாப்பைத் திறந்த மறு நிமிடம் மதினி குரல் கொடுப்பார்: “செல்வி, சும்மாதான இருக்க, கேஸ்காரன் வந்தா சிலிண்டர வாங்கி வையி.” அம்மா தன் பங்குக்கு, “சும்மாதான இருக்க, இந்தப் பாலக் கொஞ்சம் பாத்துக்க” என்பார். காதில் ஹெட்செட் மாட்டியிருந்தால் பாட்டுக் கேட்கிறாள் என்று அர்த்தம். ஆறு மாதத்தில் பால் நாலு தடவை பொங்கி வழிந்தது. ஐந்தாவது தடவை அவள் பொங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறித் தல்லாகுளத்தில் வந்து இறங்கினாள்.

அங்கே பாண்டியராஜன் காபிக்கடை. கீழே நின்றுகொண்டு குடிப்பவர்கள், மாடியில் உட்கார்ந்து குடிப்பவர்கள். மாடியில் பன்னிரண்டு மேஜைகளும் ஒரே ஒரு பிளக்கும் இருந்தன. அந்தப் பிளக்கில் சாமி படத்துச் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, சாமிக்கும் எனக்கும் சேத்து ஒரு மல்டி பிளக் மாட்டிக்கவா?”

பாண்டியராஜன் சாமியை ஒரு பார்வை பார்த்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார். “மாட்டிக்க தாயி. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு காபி குடிச்சிரணும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மேசைய விட்டுக் குடுத்துரணும்.”

ஒப்பந்தம் அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக இரண்டு பேருமே அதை மீறவில்லை.

அந்த மாடியில் அவள் ஒருத்திதான் வேலை பார்த்தாளா என்ன? சுவரோரத்து மேஜையில் நிலப் புரோக்கர் சின்னக்கருப்பன் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஒத்தக்கடையில் பாதி மனை அந்த மேஜையில் கைமாறியதுதான். அவருக்கு எதிரே கல்யாணப் புரோக்கர். படிக்கட்டுப் பக்கம் வக்கீல் குமாஸ்தாக்கள். எல்லோருக்கும் ஆபீஸ் அதுதான், விசிட்டிங் கார்டில்கூடக் கடை முகவரியைத்தான் போட்டிருந்தார்கள். அவர்களை ஒரு ஆள் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு பெண் லேப்டாப்பை விரித்ததும் மட்டும் சிவக்குமாருக்கு நாலு பேர் வேலை மெனக்கெட்டுச் செய்தி சொன்னார்கள்.

“ஆம்பளைக நடுவுல நாள் பூரா உக்காந்திருக்கியாமே?” என்று கேட்டான் அண்ணன்.

“ஆமாண்ணே. அவுகளுந்தான் நாள் பூரா உக்காந்திருக்காக. அவுக வீட்டுல யாராச்சும் கேட்டாகளா?”

இப்போது அவளைச் சென்னைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு அம்புட்டுச் சந்தோசம். “நல்லதாப் போச்சு. ஆபீஸுன்னா ஒரு மரியாத. கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டுப் போகலாம்ல?”

கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் போனவள்தான் அவள். அந்தக் கொயட் ரூம் அவளுக்குத் தெரியும். தரையில் கம்பளம், சுவரில் பஞ்சு, யாராவது தும்மினால் பத்துப் பேர் திரும்பி முறைப்பார்கள். திரும்பப் போக அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், அதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு? ஆனால் அந்த அறுபத்தெட்டு அவளை உறுத்தியது. வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். காது சரியில்லை என்று சொல்லி அனுப்புவதை அவளால் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் ஒவ்வொரு பதிவையும் மூன்று மூன்று தடவை கேட்டாள். தப்பு எங்கே என்று பிடிபடவே இல்லை.

புதன்கிழமை காலையில் ஒரு புகார்ப் பதிவு வந்தது. தென்கரையிலிருந்து மிஷின் டிரைவர் பால்பாண்டி தொண்டை கிழியக் கத்தியிருந்தான்.

“யாருய்யா அங்க? கதிரு இன்னும் பால் பிடிச்சுக்கிட்டுப் பச்சப் பசேல்னு நிக்கிது. இதுல மிஷின எறக்கச் சொல்றீகளே, உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா? வயக்காரரு வண்டிக்கு முன்னாடி மறிச்சு நிக்கிறாரு. இந்தா, நீங்களே பேசிக்கங்க!”

போன் கை மாறியது. வயலுக்குச் சொந்தக்காரர் காளையின் குரல் வந்தது.

“ஏப்பா, நாந்தான் அன்னைக்கே தெளிவா வச்சிருங்கன்னு சொன்னேன்ல? வச்சிருங்கன்னு சொன்ன பெறகும் மிஷின அனுப்புனா என்னப்பா அர்த்தம்?”

தாமரைச்செல்வி ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். ஆத்தாடி! உடனே அந்த மாதம் சென்னையில் மாற்றப்பட்ட தன் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். அதில் தொண்ணூற்றேழில் ஒரே வார்த்தை. வச்சிருங்க, வச்சிருங்க, வச்சிருங்க.

மதுரையில் செய்துவிடு என்பதைச் செஞ்சிரு என்பார்கள். போய்விடு என்பதைப் போயிரு என்பார்கள். போனை வைத்துவிடுங்கள் என்பது வச்சிருங்க. சென்னைக்காரர் அதையே வெச்சிடுங்க என்பார். அவருக்கு வெச்சிருங்க என்றால் பத்திரமாக வைத்திருங்கள் என்று பொருள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பயிர் இன்னும் தேறவில்லை, ஆளை விடு, போனை வையி என்று காளை சொன்னதை, என் முறையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று கொயட் ரூம் கேட்டிருக்கிறது. போன மாதம் வரை கம்ப்யூட்டர் ‘எந்திரம் வரட்டுமா’ என்றுதான் கேட்டது. இந்த மாதம் யாரோ ஒரு புண்ணியவான் மரியாதையாக இருக்கட்டுமே என்று ‘வைத்திருக்கட்டுமா’ என்று மாற்றியிருந்தான். போதாக்குறைக்கு, சரிபார்க்கிறவர்களுக்கு நேரம் மிச்சம் என்று பதிவின் கடைசி மூன்று விநாடியை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இவளுக்கு அது ஏன் தப்பாகக் கேட்கவில்லை? மிஷின் வேண்டும் என்கிறவர், ‘நமக்கு ஒண்ணு வச்சிருங்க’ என்று இழுப்பார். போனை வைக்கச் சொல்கிறவர் சட்டென்று வெட்டுவார். அந்த மாடியில் ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் காதில் விழுகிற வெட்டு அது. யோசிக்காமலே வேண்டாம் பட்டனைத் தட்டியிருக்கிறாள். தொண்ணூற்றேழு தடவையும் சரியாகத் தட்டியிருக்கிறாள்!

சித்தார்த்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை.

“தாமரை, இங்க ரிவ்யூ பண்றவங்க எல்லாருமே தமிழ்தான். வெச்சிருங்கன்னா வெச்சிருங்கன்னுதான் அர்த்தம். மார்க் குறைஞ்சதும் ஏதாச்சும் காரணம் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் மீட்டிங்ல இருப்பாங்க. சொல்றதை அங்க சொல்லுங்க. ப்ளீஸ், அன்னிக்காவது சத்தம் இல்லாத இடமாப் பார்த்து உட்காருங்க.”

மேடம் என்றால் கம்பெனிக்கே தலைவி தமிழ்வாணி. வேலூர்க்காரர். அவர் குரலைக் கேட்டால் சித்தார்த் நிமிர்ந்து உட்காருவான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பாண்டியராஜன் மேஜைக்கு வந்தார். விஷயம் மாடி முழுக்கப் பரவியிருந்தது.

“தாயி, கீழ ஸ்டோர் ரூம் இருக்கு. கதவச் சாத்திக்கிட்டா ஒரு சத்தம் வராது. அங்க உக்காந்து பேசுறியா?”

“வேணாம்ணே. இன்னைக்கு எனக்குச் சத்தந்தான் வேணும். மெதுவாப் பேசுங்கன்னு யாருட்டயும் சொல்லிராதீங்க.”

“நாஞ் சொன்னா மட்டும் கேட்டுரப் போறாய்ங்களாக்கும்” என்று முனகிக்கொண்டே அவர் மாடியிலிருந்த கல்லாவுக்குப் போனார்.

பதினோரு மணிக்குத் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. சித்தார்த் எண்களை வாசித்தான். தாமரைச்செல்வி அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னாள். தமிழ்வாணி பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம் தாமரை. ஆனா ஊரே அப்படித்தான் பேசுதுன்னு நான் எப்படி நம்பறது? நீங்களா ஊகிச்சுச் சொல்றீங்களோ என்னவோ.”

“நான் சொல்லி நம்ப வேணாம் மேடம். நீங்களே கேளுங்க. ரெண்டு நிமிசம்.”

ஹெட்செட் ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பைத் தூக்கி மாடியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

என்ன சோதனையோ, அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கையிலும் போன் இல்லை. சின்னக்கருப்பன் வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் புரோக்கர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தினமும் காட்டுக் கத்தல் கத்துகிற குமாஸ்தாக்கள் ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. தாமரைச்செல்வி பயந்துவிட்டாள், அதை மறைக்க என்ன இருக்கிறது? ஒண்ணாந்தேதி, பெட்டி, ஹாஸ்டல், கழுத்துக் கார்டு எல்லாம் வரிசையாகக் கண் முன்னே வந்தன.

“தாமரை, போதும்னு நினைக்கிறேன்” என்றான் சித்தார்த்.

அப்போது கல்யாணப் புரோக்கரின் போன் அடித்தது.

“சொல்லுங்கண்ணே. பொண்ணு வீட்டுல இன்னும் ஒண்ணும் சொல்லல. கேட்டுட்டு நானே கூப்பிடுறேன். சரிண்ணே, வச்சிருங்க.” போனை மேஜையில் போட்டார்.

படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா: “அய்யா கோர்ட்டுல இருக்காரு, சாயங்காலமா பேசுங்க. ஆங், ஆங். வச்சிருங்க.”

சின்னக்கருப்பன் வாயில் வடையோடு: “யோவ், அம்புட்டுத் தூரமெல்லாம் எறங்கி வர முடியாது. பிடிச்சா வாங்கு, இல்லாட்டிப் போ. வச்சிருய்யா போன!”

கல்லாவிலிருந்து பாண்டியராஜன்: “மாப்ள, பாலு வந்துருச்சு. வச்சிரு, வச்சிரு.”

தாமரைச்செல்வி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தமிழ்வாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“சித்தார்த், எல்லாரும் வெச்சிருங்கன்னு சொல்லிட்டு போனை வெச்சிட்டாங்களே!”

காளையின் பழைய பதிவை முழுசாகப் போடச் சொன்னார் தமிழ்வாணி. கடைசி மூன்று விநாடிக்கு முன்னால் என்ன இருந்தது என்று சென்னையில் யாரும் கேட்டதில்லை. ‘கதிரு இன்னும் பச்சையா நிக்கிது, இப்பப் போய் மிஷினாம்ல மிஷினு, வச்சிருங்க’ என்று காளை தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“பச்சை வயலுக்கு எத்தனை வண்டி அனுப்பியிருக்கோம்?” தமிழ்வாணியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“தொண்ணூத்தேழு வயலுக்கு முறை ஒதுக்கியிருக்கீங்க மேடம்,” என்றாள் தாமரைச்செல்வி. “கேட்டுப் பாத்துட்டேன், எந்த டிரைவரும் பயிருல எறக்கல. அது அவுக புண்ணியம். நம்ம புண்ணியம் இல்ல.”

சித்தார்த் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஓகே மேடம், மார்க்கைத் திருத்திடறேன். ஆனா பாலிசி பாலிசிதான். ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா எல்லாரும் காபி ஷாப்ல உட்கார்ந்துடுவாங்க. தாமரை ஒண்ணாந்தேதி இங்க வரணும்.”

தாமரைச்செல்வி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கோபத்தில் அவள் சிரிக்காமல் பேசியதை அந்த மாடியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சின்னக்கருப்பன் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், அந்த ரூம்ல ஊசி விழுந்தா கேக்கும்னு சொன்னீக. ஊசி விழுறதக் கேக்கவா என்னைய வேலைக்கு எடுத்தீக? மனுசப் பேச்சக் கேக்கத்தான எடுத்தீக? மனுசப் பேச்சு இங்கதான் இருக்கு. நான் ஒண்ணாந்தேதியும் வர மாட்டேன், ரெண்டாந்தேதியும் வர மாட்டேன். பேப்பரும் போட மாட்டேன். எடுக்கணும்னா நீங்களே எடுங்க. ஆனா காரணத்த எழுதிக் குடுத்துருங்க. இந்தப் புள்ளைக்குக் காது சரியாக் கேக்குது, அதனால வேலையவிட்டு எடுக்கிறோம்னு எழுதிக் குடுங்க. வீட்டுல சட்டம் போட்டு மாட்டிக்கிறேன்.”

சித்தார்த் தன் மைக்கை அணைத்தான், மறுபடி போட்டான்.

“நான் மேடம்கிட்ட தனியாப் பேசிட்டு வரேன்,” என்றான் சித்தார்த். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. “நீங்க லைனை அப்படியே வெச்சிருங்க.”

“வச்சிரணுமா சார்?”

“ஆமா. வெச்சிருங்க.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். திரை கறுத்துப் போயிற்று.

“என்ன தாயி, என்ன சொன்னாய்ங்க?” கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார் பாண்டியராஜன்.

“வச்சிருங்கன்னாருண்ணே. வச்சிட்டேன்.”

மாடியே கொல்லென்று சிரித்தது. கல்யாணப் புரோக்கருக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. வாய் பேசிவிட்டது, இனி நடப்பது நடக்கட்டும். கேட்காமலே ஒரு காபி வந்தது. அதை அவள் பாதி குடித்திருந்தபோது போன் அடித்தது. தமிழ்வாணி.

“சித்தார்த் வெச்சிருங்கன்னா நீங்க கட் பண்ணிட்டீங்களாமே?”

“எங்க ஊருல அதுக்கு அதான் மேடம் அர்த்தம்.”

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபமா சிரிப்பா என்று, அம்புட்டுக் காது உள்ள தாமரைச்செல்விக்கே பிடிபடவில்லை.

“நாளைக்கு வாடிப்பட்டியில அறுப்புக்கு முப்பது வண்டி நிக்குது,” என்றார் தமிழ்வாணி. “மதுரைப் பக்கத்துப் பதிவு எதையும் இனிமே சென்னையில யாரும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சரிபார்க்கிற வேலையும் உங்ககிட்டதான். உங்க பேச்சையே கடைசிப் பேச்சா வெச்சுக்கறோம்.”

“எங்கருந்து பாக்கணும் மேடம்?”

“எங்கேர்ந்து கேட்டா சரியாக் கேக்குதோ, அங்கேர்ந்து.”

“அத எழுத்துல அனுப்பச் சொல்லுங்க மேடம். இன்னைக்கே.”

“அனுப்பச் சொல்றேன்.” தமிழ்வாணி ஒரு விநாடி தயங்கினார். வேலூர் நாக்கு அந்த எழுத்தைத் தேடிப் பிடித்தது. “சரி தாமரை, வச்சிருங்க.”

தாமரைச்செல்வி வைத்தாள்.